காற்று போதாத மாப்பிள்ளை

"மூக்குல வச்சு நல்லா இழு தம்பி. வெட்கப்படாத. லாசாவுக்குப் புதுசா வர்ற எல்லாருக்கும் இதே கதிதான்."

யுத்ரோன் ஆக்ஸிஜன் டப்பாவை லோத்ரோவின் மூக்கில் வைத்து அழுத்தினாள். கட்டிலில் சுருண்டு கிடந்தவன் கண்ணைத் திறக்காமலேயே ஒரு இழுப்பு இழுத்தான். பிறகு முன்னைவிட நன்றாகத் தூங்கிப்போனான்.

பார்கோர் வீதியை ஒட்டிய சந்தில் யுத்ரோன் விடுதி நடத்துகிறாள். வந்து இறங்கியதும் உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலையைப் பிடித்துக்கொண்டு படுக்கிற சமவெளிக்காரர்கள் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் லோத்ரோ அறை கேட்டு வந்த ஆள் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்கிற சாக்கில், அவளுடைய இளைய மகள் மெத்தோக்கைப் பெண் கேட்டு வந்திருப்பவன். அதுதான் அவளுடைய கவலை.

மூத்தவள் பாசாங் ஒரு செங்டூக்காரனைக் கட்டிக்கொண்டு சமவெளிக்குப் போய்விட்டாள். பேரன் ஒரே ஒருமுறை மேலே வந்தான். வந்த அன்றே மூச்சுத் திணறி, அடுத்த விமானத்தில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு பேரனை போனில் கொஞ்சுவதோடு சரி. இன்னொரு பெண்ணையும் கீழே அனுப்பிவிட்டு, போனைக் கட்டிக்கொண்டு அழ யுத்ரோனுக்குத் தெம்பில்லை.

"அம்மா, இவரோட ஊரு..." என்று மெத்தோக் ஆரம்பித்தாள்.

"அத நீ வேற சொல்லணுமாக்கும்! படிச்சது செங்டூவுல. வேலை ரயில்வேல. போட்டிருக்கறது பளபளா ஜாக்கெட்டு. இதுக்கு மேல என்ன தெரியணும்?"

அடுத்தவரைப் பேசி முடிக்க விடும் பழக்கம் யுத்ரோனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

லோத்ரோ வந்ததிலிருந்து இதே கூத்துதான். முதல் நாள் ஜோகாங் கோயில் வரிசையில் நின்றபடியே தூங்கி, முன்னால் நின்ற பிக்குவின் முதுகில் சாய்ந்துவிட்டான். அவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே அவனைச் சன்னிதி வரைக்கும் சுமந்துபோனார்.

மறுநாள் தேநீர்க் கடையில் நூடுல்ஸ் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து குறட்டை விட்டான். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். தலை விழுந்தால் சூப் வீணாகிவிடுமே என்ற கவலை அவருக்கு.

இன்று காலை பொட்டாலா அரண்மனைக்குப் போய்விட்டு வந்தார்கள்.

"படி ஏறினானா?" என்று யுத்ரோன் விசாரித்தாள்.

"விறுவிறுன்னு ஏறிட்டாரும்மா. நான்தான் பின்னாடியே மூச்சு வாங்கிக்கிட்டு ஓடினேன். மேல போய் உட்கார்ந்ததும் தூங்கிட்டார்."

"பாத்தியா? பாவம், மூச்சு வாங்கக்கூட தெம்பில்ல!"

மத்தியானம் இன்னொரு டப்பா காலியானது. லோத்ரோ சாயங்காலம்தான் எழுந்து உட்கார்ந்தான். யுத்ரோன் அவன் கிண்ணத்தில் வெண்ணெய்த் தேநீரை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

"தம்பி, உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. தங்கமான பையன்தான். ஆனா பொண்ணு தரமாட்டேன். ஒருத்தியக் கீழ அனுப்பிட்டு நான் படுற பாடு போதும்."

மெத்தோக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லோத்ரோ திருதிருவென்று விழித்தான். "கீழயா? கீழ எங்கம்மா?"

"உன் ஊருக்குத்தான்."

"எங்க ஊரு கீழ இல்லம்மா, மேல. நக்சூ தாண்டி, கணவாய் ஓரத்துல. அப்பா யாக் மாடு மேய்க்கிறார், நான் தண்டவாளம் பாத்துக்கறேன். எங்களுக்கு லாசா பெரிய பள்ளம். இங்க காத்து ரொம்ப ஜாஸ்தி. பார்லிக் கள்ளு குடிச்ச மாதிரி கண்ணச் சொருகுது. அதுல நீங்க வேற டப்பா டப்பாவா ஏத்தி விடுறீங்க."

வாழ்நாளில் முதன்முறையாக யுத்ரோன் ஒருவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

"இதத்தாம்மா நானும் வந்த அன்னிலேருந்து சொல்ல வரேன்" என்றாள் மெத்தோக்.

யுத்ரோன் அவளைக் கண்டுகொள்ளவில்லை. லோத்ரோவிடம் மெதுவாகக் கேட்டாள். "நாளைக்கு ஒரு குழந்தை பொறந்து, அதத் தூக்கிக்கிட்டு இங்க வந்தா, அதுக்கு மூச்சு முட்டாதா?"

"முட்டாதும்மா. தூங்கும்."

யுத்ரோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரிக்காமல் மிச்சமிருந்த கடைசி டப்பாவை எடுத்து, தன் வரிபோட்ட ஏப்ரனால் ஒருமுறை துடைத்து, மகளின் கையில் வைத்தாள்.

"இத நீ வச்சுக்கடி. மேல போனா உனக்குத்தான் வேணும்."