மாடியறைக்கு ஆள் வருது

மூன்றாவது ஃபேனும் வேண்டாம் என்றுவிட்டார் தையல்காரர்.

"ராடு நீளம்" என்றார், கழுத்தில் கிடந்த டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டு. கடைத்தெருவுக்குக் கிளம்பும்போதும் அதைக் கழற்றி வைக்கத் தோன்றாத மனுஷர்.

தளம் தாழ்வான அறைக்கு இதைவிடக் குட்டை ராடு கிடையாது என்று கடைக்காரர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். இவர் காதில் போட்டுக்கொண்டால்தானே! பக்கத்தில் நின்ற மனைவிக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சல் ஃபேனால் அல்ல.

அந்த மாடியறை அவர்களுடைய ஒரே மகன் இருந்த அறை. தையல் தொழில் எனக்கு வேண்டாம் என்று அவன் ஆரம்பித்த சண்டை முற்றிப் போய், ஒருநாள் அப்பா மேல் கையை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை, ஓங்கியதோடு சரி. "என் மேல ஓங்கின கை இந்த வாசப்படி தாண்டக் கூடாது" என்றார் இவர். அன்றைக்குப் போனவன்தான். அவன் பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து போய்விடுவார்.

இப்போது அவனுக்கு வேலை போய்விட்டது. வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்கிறான். தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தில்தான் அவள் அவனோடு போனில் பேசுவது. நேற்று பாதிப் பேச்சில் மிஷின் நின்றுவிட்டது. "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்டா" என்று அவசரமாக வைத்துவிட்டாள்.

காலையில் எப்படியாவது கேட்டுவிடுவது என்று இருந்தவளை இவர் முந்திக்கொண்டார்.

"மாடியறைக்கு ஆள் வருது. ஃபேன் வாங்கணும், கிளம்பு."

யார் என்று கேட்டாள். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கிவிட்டார். குடக்கூலிக்கு யாரையோ பிடித்துவிட்டார், வேறென்ன? பெற்ற பிள்ளை போக்கிடம் இல்லாமல் நிற்கிறான், ஊரான் பிள்ளைக்குக் காற்று வேண்டும் என்று இவர் கடை ஏறி இறங்குகிறார். இப்படியும் ஒரு கல்நெஞ்சு உண்டா?

கடைக்காரர் நாலாவது பெட்டியைப் பிரிக்க உள்ளே போனார். இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று தோன்றியது.

"அந்த ரூமை யாருக்கும் குடுக்க வேண்டாங்க" என்றாள் மெல்ல. "நம்ம பையன்..."

"அளவு பார்க்கும்போது பேசாதே."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. விளக்குகளைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலாவது ஃபேன் தளத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற ரகம். தாழ்ந்த தளத்துக்கென்றே வந்தது என்றார் கடைக்காரர். அவர் ஸ்டூலில் ஏறி அதை மாடியறைத் தளத்தின் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க, தையல்காரர் அதற்குக் கீழே நின்றார். நுனிக்காலில் எக்கிக் கையை உயர்த்தினார். டேப்பால் அளந்தார். பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

கடைக்காரருக்கே பொறுமை போய்விட்டது. "அந்த ரூம்ல இருக்கப்போறது யாருங்க, பனைமரமா? தலை தட்டாதுங்க, நான் எழுதியே தர்றேன்."

"தலை தட்டாது. கைதான்."

டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார் தையல்காரர். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"என்னைவிட ஒரு சாண் உசரம் அவன். தூங்கி எழுந்ததும் ரெண்டு கையையும் மேல தூக்கித்தான் சோம்பல் முறிப்பான், சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். சுவத்துல மாட்டுற ஃபேனா குடுத்துடுங்க. அந்தக் கையில எதுவும் பட்டுடக் கூடாது."