நம்புற மாதிரியா இருக்கு?

முந்நூறு நாளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த அந்த மத்தியான சீரியல்மேல் சுந்தரம்மாளுக்குத் தீராத கோபம்.

"ஏட்டி பிச்சை, இது நம்புற மாதிரியா இருக்கு? கட்டிக் கொடுத்த மகளைப் பாத்து ஒரு வருசம் ஆச்சு. 'நல்லாருக்கா'ன்னு மாப்பிள்ளை சொல்லுதான். அதைக் கேட்டுக்கிட்டு ஒரு தாய் சும்மா இருப்பாளா? கூறுகெட்ட கதை!"

டி.வி. வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் சிரித்தாள்.

"நம்ம வேலுத்தாயி எப்படி இருக்கா மதினி? பொங்கலுக்குக்கூட ராஜபாளையம் வரலியே?"

"அவளுக்கு வீட்டுல வேலை அம்புட்டு இருக்காம். மாப்பிள்ளை மாசா மாசம் கடுதாசி போடுதாரு."

"அவ எழுதலியா?"

சுந்தரம்மாள் சீரியல் முடியும் முன்பே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறிக் கூமாப்பட்டியில் போய் இறங்கினாள். மகள் வீடு பூட்டிக் கிடந்தது. எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"யாரைத் தேடுதீக?"

"நான் வேலுத்தாயோட அம்மா. அவ எங்க போயிருக்கா?"

அந்தப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"போன ஆடியிலேயே உங்க வீட்டுக்கு வந்துட்டதாத்தானே அவ புருசன் சொன்னாரு!"