ஊசி துளைக்காத தையல்

மூன்றாவது டைவிங் உடையும் அண்ணியின் இடுப்போடு நின்றுவிட்டது.

திரைக்கு அந்தப் பக்கம் அவர் குதிப்பதும் மூச்சு வாங்குவதும் கேட்டது.

"இன்னும் ஒரு சைஸ் பெருசா குடும்மா. லூசா இருந்தா தப்பில்ல" என்றேன் கடைக்காரப் பெண்ணிடம். இருபத்தாறு வருடமாகப் பெண்களுக்குத் தைக்கிறவள் நான். எந்த உடம்பையும் கண்ணாலேயே அளந்துவிடுவேன் என்று தெருவில் பேச்சு.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பாதி நாள் கடலுக்கடியில் இருப்பவள் என்பது வெயிலில் செம்பட்டையாகிப்போன முடியைப் பார்த்தாலே தெரிந்தது.

"இது லூசா இருக்கவே கூடாதுக்கா. குளிர்ந்த தண்ணி உள்ள போய்ப் போய் வரும். பத்து நிமிஷத்துல உடம்பு நடுங்கிடும். அவங்களுக்குப் பெருசு வேணாம், பொம்பளைக்குன்னு வெட்டினது வேணும்."

எனக்கே பாடமா என்று சுருக்கென்றது.

அண்ணிக்குக் கடல் ஆய்வு நிலையத்தில் வேலை. கடலடியில் வளரும் புல்லை மற்றவர்கள் மூழ்கிப் படம் எடுத்து வருவார்கள். அதை மேசையில் உட்கார்ந்து பெயர் போட்டு அடுக்குவது அண்ணி. பதினோரு வருடம் அடுக்கிவிட்டு, நாற்பத்து மூன்று வயதில், நானும் இறங்கிப் பார்க்கிறேன் என்று கை தூக்கினார்.

யாரோ ஓர் ஆண் போட்டுப் பழசான உடையை வாங்கிக்கொண்டுதான் முதல் டைவிங் தேர்வுக்குப் போனார். உதடு நீலம் பாரித்துப் பாதியில் ஏறி, ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தார். "என் உடம்பு ஒத்துக்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அது போதாதா எங்களுக்கு? அண்ணன் பானை என்றார், பிள்ளைகள் நீர்யானை என்றார்கள். அண்ணி இறங்கினால் கடல் கரையேறிவிடும் என்று சொன்னது நான். நாத்தனார் என்று பெயரெடுத்துவிட்டு அதுகூடச் சொல்லாவிட்டால் எப்படி?

நாளைக் காலை இரண்டாவது தேர்வு. இதிலும் தவறினால் ஓய்வு பெறும்வரை அதே மேசைதான்.

கடைக்காரப் பெண் உள்ளறையிலிருந்து நான்காவதைக் கொண்டுவந்தாள். திரைக்குப் பின்னால் இந்த முறை குதிக்கிற சத்தம் இல்லை. ஜிப் ஒரே இழுப்பில் மேலே ஏறியது.

அண்ணி வெளியே வந்தார்.

நான் எழுந்து அவரைச் சுற்றி வந்தேன்.

மார்புக்கு இடம் விட்டு, இடுப்பில் பிடித்து, தொடைக்கு அகலம் கொடுத்து, முதுகின் கீழ்ப் பள்ளத்துக்குத் தனியாக ஒரு துண்டு வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு துண்டுகள். ஓரிடத்தில் சுருக்கமில்லை, ஓரிடத்தில் இழுப்பில்லை. கல்யாணத்திலிருந்து அண்ணிக்குத் தைப்பவள் நான். அவருக்கு இப்படி ஒரு உடம்பு இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

அடுத்து, சிலிண்டரைத் தாங்கும் காற்று ஜாக்கெட். பட்டைகள் மார்பை அழுத்தாமல் வளைந்து ஒதுங்கிப் போயின. பெல்ட் இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தது. குனியச் சொன்னாள், குலுக்கச் சொன்னாள். அத்தனை கனமான சிலிண்டர் அண்ணியின் முதுகிலேயே முளைத்தது போல அசையாமல் இருந்தது.

அண்ணி சிலிண்டரின் மூச்சுக் குழாயை வாயில் வைத்து இழுத்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று இழுத்து இழுத்து விட்டார். கடை முழுக்க அந்த மூச்சுச் சத்தம்தான்.

நான் கொக்கியில் தொங்கிய இன்னொரு உடையை எடுத்து உட்புறம் திருப்பினேன். துண்டுகளை முதலில் பசையால் ஒட்டியிருந்தார்கள். பிறகு ஊசி ரப்பரின் பாதிக் கனம்வரை இறங்கி, அப்படியே திரும்பி மேலேறியிருந்தது. மறுபக்கம் ஒரு துளைகூட இல்லை. நகத்தால் தடவிப் பார்த்தேன். விளக்குக்கு நேரே இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. இதைத் தைத்த கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அளவுக்கு ஒன்று கையில் இல்லாமல் துணிக்கடைக்குப் போகிற பழக்கம் எனக்கில்லை. அண்ணி வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், அந்தப் பழைய உடையைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கடைக்காரப் பெண் அதை வெளியே எடுத்தாள்.

இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து தொடைவரை வேறு துண்டு சேர்த்துத் தைத்திருந்தது. அதையும் விளக்குக்கு நேரே இழுத்துப் பிடித்தாள். வரிசை வரிசையாக வெளிச்சம் தெரிந்தது.

"யாருக்கா இதைத் தைச்சது? சல்லடை மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க."

உறுதிக்காகப் போட்ட இரட்டைத் தையல். மூச்சு முட்டக் கூடாதே என்று கூடுதலாக விட்ட ஒரு இஞ்ச். தேர்வுக்கு முந்தின வாரம், மற்ற துணியையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்துத் தைத்துக் கொடுத்தது நான்தான்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"வாங்கும்போதே அப்படித்தாம்மா இருந்துச்சு."

அண்ணிக்குப் பொய் வராது. சின்னப் பொய்க்கே திக்குவார். இதை மட்டும் நிறுத்தாமல், பழகின வாயால் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கேள்வியைத் தேர்வு வைத்த பயிற்சியாளர் அன்றைக்கே கேட்டிருக்கிறார். காரணம் தெரிந்துகொண்டுதான் அண்ணி ஈரத்தலையோடு வந்து, என் முகத்தைப் பார்த்து, உடம்பின் மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

மூன்று மாதம் அந்த உடம்பை வீடே கேலி செய்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.