கைப்பைக்குள் இருந்த மருந்து

சாவி தேடித்தான் மனைவியின் கைப்பைக்குள் கையை விட்டார் லாரி டிரைவர். கையோடு வந்தது, மூக்குக்குள் பீச்சி அடிக்கிற மருந்து. வலி மாத்திரை மிஞ்சிப்போய் மூச்சு அடங்கிப்போகிற ஆளை மீட்கிற மருந்து அது என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவரே அப்படி விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் உயிரைப் பிடித்து நிறுத்தியதே அதுதான்.

முதுகில் அடிபட்டபோது தொட்ட மாத்திரை, முதுகு சரியான பிறகும் அவரை விடவில்லை. மறுவாழ்வு மையத்துக்கு நாயாய் அலைந்து, ஒருவழியாகத் தலைமுழுகி, இப்போதுதான் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். அந்த மனுஷனுக்கு வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு மரியாதை.

"இது ஏது?"

தையல் மெஷினில் இருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். "காலையில மையத்துல கொடுத்தாங்க."

"அப்போ மீசை சொன்னது நிஜம்தான்." மீசை, அவரோடு மையத்துக்கு வருகிறவன். "உன் பொண்டாட்டி மையத்துல புத்தி சொல்ற கவுன்சிலரம்மா முன்னாடி உக்காந்து அழுதுட்டிருந்தாங்கன்னு சொன்னான். நான்தான் நம்பல. என்னைப் போட்டுக்கொடுக்கப் போனியா?"

"அப்படியில்லைங்க."

"வேற எப்படி? எங்கண்ணன் நம்பல, முதலாளி நம்பல. நீ ஒருத்தி நம்புறேன்னுதான், பதுக்கி வெச்சிருந்த மாத்திரையை டப்பா டப்பாவா உன் கையில கொடுத்துக் கொட்டச் சொன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணைத் தொட்டிருப்பேனா?"

"தொடல. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா இந்தத் துரோகம்?"

ஊரே கைவிட்டபோதுகூட அழாத ஆள், இப்போது சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எப்போ விழுவேன்னு மருந்தோட காத்திருக்கே. ரொம்பத்தான் அக்கறை. பட்டப்பகல்ல மெஷின் மேலேயே தலை வெச்சுத் தூங்குறே, உலுக்கினாக்கூட எழுந்திரிக்கிறதில்ல. நான் செத்துக்கிடந்தா உனக்கு எங்கே தெரியப்போகுது?"

அவள் எழுந்து வந்தாள். மருந்தைப் பிடுங்கவில்லை. அவர் விரல்களை அதன்மேல் மெல்ல மூடினாள்.

"இது உங்க கையிலதான் இருக்கணும்னு கவுன்சிலரம்மா சொன்னாங்க. வந்ததும் கொடுக்கணும்னுதான் இருந்தேன். வாய் வரல."

"என் கையில எதுக்கு? மயங்கிக் கிடக்கிறவன் தனக்குத்தானே எப்படி அடிச்சுக்குவான்?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்களுக்கில்லைங்க, எனக்கு. அந்த மாத்திரையை நான் கொட்டல."