சிமெண்ட் இறுகும் வரை

"ஏ மேரி, குடத்தைத் தொடாத! தளம் போட்ட நாலாம் நாளே எவனாச்சும் மேல லோடு ஏத்துவானா?"

அருள்சாமி கொத்தனார் போட்ட சத்தத்தில், பழக்கதோஷத்தில் குழாயடிக்குப் போன அடைக்கலமேரி அப்படியே திரும்பிவந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டு ராக்காயி சும்மா இருப்பாளா?

"ஏங் கொத்தனாரே, பொண்டாட்டி மேல சாக்கை நனைச்சுப் போடலையா?"

"அதுக்குத்தான் நல்லா தண்ணி குடிக்கச் சொல்லியிருக்கேன். நீ ஒஞ் சோலியப் பாரு."

அடுப்படியில் நின்ற மருமகள் ஷர்லிக்கு மானமே போனது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள் வீட்டிலேயே இப்படி ஒரு கூத்து!

போன மாதம் தண்ணீர்க் கேனைக் குனிந்து தூக்கியபோது அடைக்கலமேரிக்கு முதுகில் 'மளுக்'கென்றது. தேய்ந்துபோயிருந்த முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. உட்காரவும் முடியாது, புரளவும் முடியாது. திருச்சி ஆஸ்பத்திரியில் உடம்பைக் கிழித்துப் பெரிய ஆபரேஷன் எதுவும் செய்யவில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஊசி வழியாகவே நசுங்கிய எலும்புக்குள் சிமெண்ட் மாதிரி ஒன்றை இறக்கினார்கள். காலையில் குப்புறப் படுத்தவள் சாயங்காலம் தானே எழுந்து நடந்தாள். வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. வலி போன இடம் தெரியவில்லை.

ஆனால் 'சிமெண்ட்' என்ற அந்த ஒரு வார்த்தையை மாமா அருள்சாமி பிடித்துக்கொண்டார்.

"காலாற நடக்கட்டும். குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. சிமெண்ட் இறுகணும்ல?"

அதோடு வீடே தலைகீழானது. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத அவர் மகன் டேவிட் வாசல் பெருக்கினான். மாமா தண்ணீர் சுமந்தார். மாவாட்டுவது, பாத்திரம், துணி எல்லாம் ஷர்லியின் தலையில். ஆவூர்த் தேர்த் திருவிழா வேறு வருகிறது. விராலிமலையிலிருந்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள்.

ஷர்லி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லியேவிட்டாள்.

"மாமா, அது வீடு கட்டுற சிமெண்ட் இல்ல. பத்து நிமிஷத்துல கல்லாயிரும்."

"அது எந்தக் கம்பெனிம்மா? சொல்லு, நானும் ரெண்டு மூட்டை வாங்கிப் போடுறேன்."

"விளையாடாதீங்க மாமா. டாக்டரே சொன்னாரு."

"டாக்டரு இதுவரைக்கும் எத்தனை தளம் போட்டிருக்காரு?"

டேவிட் விளக்குமாற்றோடு எட்டிப் பார்த்தான். "விடு ஷர்லி. சிமெண்டைப் பத்தி எங்கப்பாகிட்டப் பேசி ஜெயிச்சவன் இந்த ஊர்ல கிடையாது."

மாமா கேனை வண்டியில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பினார். வண்டிச் சத்தம் தெரு முனை தாண்டியதும் ஷர்லி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, மாமா சொல்றதையெல்லாம் நம்பிக்கிட்டு இப்படியே உக்காந்திருக்காதீங்க. அது அன்னைக்கே இறுகிருச்சு. தேருக்கு நீங்கதான் குழம்பு வைக்கணும். ஒங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

அடைக்கலமேரி உடம்பு குலுங்கச் சிரித்தாள். ஒரு வாரத்துக்கு முன்னால் அப்படிச் சிரித்திருந்தால் உயிரே போயிருக்கும்.

"எனக்குத் தெரியாதா தாயி? குப்புறக் கெடந்தாலும் முழிச்சுக்கிட்டுத்தான இருந்தேன். 'பத்து நிமிஷம் அசையாதீங்கம்மா, இறுகிரும்'னு டாக்டரு எங்கிட்டத்தான சொன்னாரு."

ஷர்லி திகைத்தாள். "அப்ப மாமாவுக்குத்தான் தெரியாதா?"

"அவுகளுக்கும் தெரியும். 'பக்கத்து எலும்பும் பலமில்ல, அந்தம்மாவைக் குனிஞ்சு தூக்க விட்டுறாதீங்க'ன்னு டாக்டரு அவுக கையப் பிடிச்சுல்ல சொன்னாரு. நீயுந்தான பக்கத்துல நின்ன?"

நின்றாள்தான். டாக்டர் சொன்னது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"எல்லாம் தெரிஞ்சுமா ரெண்டு பேரும் இப்படி? ஊரே மாமாவைப் பார்த்துச் சிரிக்குது அத்தை!"

"சிரிச்சுட்டுப் போகட்டும். அவுக அதுக்கெல்லாம் அசர்ற ஆளா?" அடைக்கலமேரி தலையணையை நகர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டாள். "சிமெண்ட் இறுகிருச்சுன்னு சொன்ன நிமிஷமே, நீங்கள்லாம் அப்பாடான்னு நிமிந்துக்குவீங்க. மறுபடியும் குனியப் போறது நான்தான ஆத்தா?"