திங்கட்கிழமைத் தட்டு

கடை வாசல் கரும்பலகையில் 'திங்கட்கிழமை' என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான் ஜுல்மிரா கணவரின் கையை விட்டாள்.

அன்று சனிக்கிழமை.

சாவோ பாவ்லோவில் கிழமை தெரிய நாட்காட்டி வேண்டியதில்லை. எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் திங்களன்று பீன்ஸை மசித்துச் செய்யும் விராடு, செவ்வாயன்று குடல்கறி, வியாழனன்று மக்கரோனி, வெள்ளியன்று மீன். புதனுக்கும் சனிக்கும் ஃபெய்ஜோவாடா. கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் காலையிலிருந்து ஒரே அண்டாவில் வெந்து தெருமுனை வரை மணக்கும். யார் போட்ட சட்டம் என்று யாரும் கேட்டதில்லை.

அவள் கணவர் நஜீப்புக்கு இப்போதெல்லாம் பாதி மறந்துபோகிறது. மூக்கு மட்டும் எதையும் மறக்கவில்லை.

புதனன்றும் அதே மணம்தான், ஆனால் தெரு நிறைய லாரிச் சத்தம் இருக்கும், அவர் ஏமாறுவதில்லை. சனிக்கிழமை அந்த மணம் எழும்பியதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டுக்கொள்வார். மகன் எலியாஸ் மதியச் சாப்பாட்டுக்கு வருகிற நாளாயிற்றே.

எலியாஸ் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

அதை ஜுல்மிராதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவர் அப்போதுதான் கேள்விப்படுகிறவராக அழுதார். "பஸ் லேட்டாம்" என்று ஒருமுறை பொய் சொல்லிப் பார்த்தாள். இருட்டும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, ஒரு வாய் சாப்பிடவும் இல்லை.

துணிக்கடை கல்லாவில் ஆயுசெல்லாம் நின்ற உடம்பு அவளுடையது. வாரத்தில் இந்த ஒரு நாளைத் தாங்கத்தான் அதற்குத் தெம்பில்லை.

அதனால் சனிக்கிழமையையே ஒளித்துவிடுவதென்று முடிவு செய்தாள்.

வியாழனன்று பேட்டை முழுக்க அலைந்தாள். அவரைத் தனியே விட முடியாது. கூடவே இழுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கடை வாசலிலும் நிறுத்திவிட்டு, உள்ளே போய்த் தணிந்த குரலில் காரணம் சொல்லிக் கேட்டாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மார்க்கெட் சந்துக்குள், மெக்கானிக் ஷெட்டுகளுக்கு நடுவில் என்று, இத்தனை வருஷம் கண்ணில் படாத கடைகளெல்லாம் அன்று ஒரே மூச்சில் பழக்கமாயின. ஒன்றிலும் பேரம் படியவில்லை.

"சனிக்கிழம திங்கக்கிழமைச் சாப்பாடா? கிறிஸ்துமஸ்ஸுக்கு ஈஸ்டர் முட்டையும் வேணுமாக்கா?" என்றாள் ஒருத்தி, வாசல்வரை கேட்கிற குரலில். அவளிடம் கொஞ்சம் கூடுதலாகவே வாதாடிவிட்டு வெளியே வந்தால், நஜீப்பைக் காணோம்.

பதறிப்போய்த் தேடினாள். தெருவைத் தாண்டி, எதிர்க்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சொன்ன எடத்துல நிக்க மாட்டீங்களா?" என்று திட்டிக்கொண்டே போனவள், போனதுதான் போனோம் என்று அங்கேயும் கேட்டுவைத்தாள்.

நாலு மேசை. சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கடைக்காரர் ஒஸ்மார் அவளை முழுக்கச் சொல்லக்கூட விடவில்லை. "கூட்டிட்டு வாங்கம்மா, செஞ்சு போடுறேன்" என்றுவிட்டார்.

அதுதான் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் விலைக்கே தலையாட்டுகிறவனை அவள் வாழ்நாளில் நம்பியதில்லை. ஒன்று, அவனுக்குச் சரக்கு தெரியாது. இல்லையென்றால், வேறு யாரிடமோ ஏற்கெனவே பேசி முடித்திருக்கிறான்.

ஆனால் சனிக்கிழமை, சொன்னது சொன்னபடி தட்டு வந்தது. மாவு சேர்த்து மசித்த பீன்ஸ், சோறு, வதக்கிய கீரை, பன்றித் துண்டு, முட்டை, பொரித்த வாழைப்பழம். ஃபெய்ஜோவாடா அண்டா கொல்லைக்குப் போயிருந்தது. கொல்லைக் கதவு சாத்தியிருந்தது.

ஒரு பஸ் டிரைவர் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். "என்னண்ணே, ஃபெய்ஜோவாடா எங்க?"

ஜுல்மிராவின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது.

"திங்கக்கிழமை எவன்டா ஃபெய்ஜோவாடா கேப்பான்?" என்றார் ஒஸ்மார். "ராத்திரி குடிச்சது இன்னும் எறங்கலையா? உக்காரு."

டிரைவர் கரும்பலகையைப் பார்த்தார். செல்போனை எடுத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் நம்பாதவராக உட்கார்ந்தார்.

நஜீப் நிமிரவே இல்லை. ருசித்துத்தான் சாப்பிட்டார்.

ஜுல்மிரா கை கழுவுகிற சாக்கில் எழுந்து, அடுக்களைக் குழாயடிக்குப் போனாள். "அன்னிக்கு ஏன் ஒடனே சரின்னீங்க?"

ஒஸ்மார் தம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க எதுத்தாப்புல வாதாடிட்டு இருந்தப்பவே ஐயா இங்க வந்துட்டாரும்மா. 'எம்பொண்டாட்டி இப்ப வந்து திங்கக்கிழமைச் சாப்பாடு கேப்பா, இல்லேன்னுடாத தம்பி. எம்புள்ள செத்தத வாரா வாரம் எங்கிட்ட சொல்லிச் சொல்லியே அவ ஓஞ்சு போயிட்டா. இப்ப எனக்கு நெனவிருக்கு, மறக்கறதுக்குள்ள சொல்லிட்டேன்'னாரு."

கழுவின கையையே இன்னொரு தடவை கழுவிவிட்டு, அவள் குழாயை மூடினாள்.

அவள் திரும்பி வந்தபோது, அவருடைய பொரித்த வாழைப்பழம் அவள் தட்டில் இருந்தது.

"இன்னிக்குத் திங்கக்கிழமை" என்றார் நஜீப், தட்டைப் பார்த்தபடியே.

வாங்க வருகிறவனின் முகத்தைப் பார்த்தே அவன் மடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறவள் அவள். நினைவிருந்து சொல்கிறாரா, மறந்துபோய்ச் சொல்கிறாரா என்று அந்த முகத்தில் தேடிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"ஆமாங்க" என்றாள், பேரம் பேசாமல்.