ஒரு நாளைக்குப் பதினாறு காலை

புது வாட்ச் கைக்கு வந்ததிலிருந்து நிரஞ்சன் சாருக்கு ஒரு நாளைக்குப் பதினாறு காலை. விண்கல உலோகத்தில் செய்த வாட்ச். கட்டியிருப்பதே தெரியாத அளவுக்கு லேசு. விண்வெளி நிலையத்தில் சூரியன் உதிக்கும்போதெல்லாம், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, மணியடிக்கும். உடனே அவர் சோம்பல் முறித்து, "குட் மார்னிங், காபி!" என்பார். அந்த அடுக்குமாடியில் பாதிப் பேர் இப்படித்தான். அவர் வீட்டில் சமையல் செய்யும் மரகதத்துக்குத்தான் கால் ஓய்ந்துபோகும்.

மத்தியானம் செங்கல்பட்டிலிருந்து மரகதத்துக்குப் போன் வந்தது. மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டார்களாம். மரகதம் லீவு கேட்டாள்.

அவர் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமைதானே உங்களுக்கு லீவு? இன்னிக்கு புதன்தான்."

மரகதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபிக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கா?

மூன்று மணிக்கு வாட்ச் அடித்தது. அவர் கையை நீட்டினார். மரகதம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"காலைல ஆறு மணிக்கு வந்தேன் சார். ஆறு நாள் காபி போட்டாச்சு. இப்ப விடிஞ்சது ஏழாவது நாள். எனக்கு ஞாயித்துக்கிழமை."

"திரும்ப எப்ப வருவீங்க?"

"ஒரு வாரம் கழிச்சு. உங்க சுவத்துக் காலண்டர்படி."